கழற்றுவதற்கென்றே செய்தவை

பழைய வீட்டில் மராமத்து வேலை தொடங்கிய முதல் நாளே ஒரு வாக்கியம் வந்து விழும்: "இதெல்லாம் பழசு சார், எடுத்துட்டுப் புதுசு போட்டுடலாம்." சொல்பவர்மீது கோபப்பட்டுப் பயனில்லை. அவருக்கு நாள் கணக்கு. இறுகிப்போன ஒரு பூட்டோடு அரை நாள் மல்லுக்கட்டினால் அந்த அரை நாளுக்குக் கூலி யார் தருவார்கள்? ஆனாலும் அந்த வாக்கியம் வரும் நேரம் உறுத்துகிறது. பூட்டின் மூடியைத் திறந்திருக்க மாட்டார்கள், குழாயின் தலையைக் கழற்றியிருக்க மாட்டார்கள், அதற்குள் தீர்ப்பு வந்துவிடும். உள்ளே பார்க்காமலே ஒரு பொருளுக்குச் சாவு எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பழைய வீட்டுக் கதவு, சன்னல், குழாய் இவற்றில் இருக்கும் உலோகச் சாமான்களுக்கு ஒரு குணம் உண்டு. செய்தவர்களே அவை ஒருநாள் பழுதாகும் என்று எதிர்பார்த்துச் செய்தார்கள். அதனால் மூடிக்குத் திருகாணி இருக்கும், தேயும் பாகம் தனியாக வெளியே வரும், தேயாத பாகம் கனமாக இருக்கும். இன்று கிடைக்கும் மலிவான பூட்டின் கூட்டை ரிவெட் அடித்து மூடிவிடுகிறார்கள். அதற்குள் ஒரு ஸ்பிரிங் ஒடிந்தால் முழுப் பூட்டும் குப்பை. பழைய பூட்டில் அதே ஸ்பிரிங் ஒடிந்தால் ஸ்பிரிங் மட்டும்தான் குப்பை.

கழற்றும் முன்

ஒரு பென்சில், ஒரு கட்டு பிளாஸ்டிக் பை, போன் கேமரா. இந்த மூன்றும் இல்லாமல் திருப்புளியைக் கையில் எடுக்கக் கூடாது. "மாடி, தெற்கு அறை, சன்னல் 2, இடது மேல் கீல்" என்று சீட்டு எழுதி, அந்தக் கீலையும் அதன் திருகாணிகளையும் ஒரே பையில் போட வேண்டும். எல்லாக் கீலும் ஒரே மாதிரிதானே என்று ஒரே வாளியில் கொட்டிவிட்டால், திரும்ப மாட்டும்போது ஒரு கதவும் சரியாகச் சாத்தாது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு கீலையும் மரத்தின்மேல் வைத்துக் கோடு கிழித்து, அந்தக் கோட்டுக்கு உளியால் பள்ளம் எடுத்தார்கள். இரண்டு கீலுக்கு நடுவே அரை மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் பள்ளத்திலும் அதே வித்தியாசம் இருக்கும். பல வருடம் ஒன்றாகவே தேய்ந்த கீலும் பள்ளமும் ஜோடி. அவற்றைப் பிரித்தால் கதவு ஒரு மூலையில் உரசும், மறு மூலையில் வாய் பிளக்கும்.

திருகாணிதான் பெரும்பாலானவர்கள் தோற்கும் இடம். ஐந்து பூச்சு பெயின்டுக்கு அடியில் தலையே தெரியாது. நேராகத் திருப்புளியை வைத்து அழுத்தினால் தலையின் கோடு சிதையும், அதற்குப் பிறகு துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். முதலில் ஒடிந்த ஹேக்ஸா பிளேடின் முனையாலோ கூரான ஊசியாலோ கோட்டுக்குள் இருக்கும் பெயின்டை முழுக்கச் சுரண்டி எடுங்கள். தலையைச் சுற்றிக் கத்தி நுனியால் ஒரு கீறல் போடுங்கள். கோட்டின் முழு நீளத்துக்கும் அகலத்துக்கும் நிறையும் திருப்புளி வேண்டும், சின்னது நழுவும். வைத்து, பின்பக்கம் சுத்தியால் இரண்டு தட்டு. பிறகு, கழற்றும் திசையில் அல்லாமல் இறுக்கும் திசையில் ஒரு நூல் அளவு திருப்புங்கள். துருவின் பிடி விட்டுப்போகும் சின்ன 'டிக்' கையில் தெரியும். அதன் பிறகே கழற்றுவது. அப்படியும் வரவில்லையென்றால் சால்டரிங் அயர்ன் நுனியைத் தலையின்மேல் ஒரு நிமிடம் வைத்துச் சூடேற்றி ஆறவிடுங்கள். விரிந்து சுருங்கும்போது பிடி தளரும். துரு இளக்கும் எண்ணெய் ஒரு சொட்டு போதும். தாராளமாக ஊற்றினால் மரம் குடித்துவிடும், பிறகு அங்கே பசையும் ஒட்டாது, பெயின்டும் நிற்காது.

இங்கே ஒரு துப்பும் கிடைக்கும். கூட்டல் குறி போட்ட 'ஸ்டார்' தலைத் திருகாணிக்கு அமெரிக்காவில் ஹென்றி ஃபிலிப்ஸ் காப்புரிமை பெற்றது 1936-ல். அதற்கு முந்தைய வீட்டின் கீலில் ஸ்டார் தலை தெரிந்தால் யாரோ நடுவில் கைவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தக் கதவு மட்டும் ஏன் சரியாகச் சாத்துவதில்லை என்பதற்கும் பெரும்பாலும் அங்கேதான் பதில் இருக்கும்.

கதவு தொங்குகிறது என்றதும் கீலைக் குறை சொல்வது வழக்கம். கீல் தேய்ந்திருப்பதை விடத் திருகாணித் துளை பெருத்திருப்பதே அதிகம். தீக்குச்சிகளைப் பசையில் தோய்த்துத் துளைக்குள் திணிப்பது லேசான சன்னலுக்குச் சரி. கனமான கதவுக்குத் துளையைச் சுத்தமாகப் பெரிதாக்கி மரத்தக்கை அடிக்க வேண்டும். அந்தத் தக்கை எப்படி வெட்டியது என்பதில்தான் சூட்சுமம். கடையில் கிடைக்கும் உருண்டைக் குச்சியில் நார் நீளவாக்கில் ஓடும். திருகாணி அந்த நார்களுக்கு இடையே நுழையும், பிடி குறைவு. பலகையின் முகத்திலிருந்து வெட்டிய தக்கையில் நார் குறுக்கே வரும், திருகாணியின் மரை அதைக் கடித்துக்கொள்ளும். பித்தளைத் திருகாணி என்றால் இன்னொரு படி உண்டு. முதலில் அதே அளவு எஃகுத் திருகாணியை ஏற்றிக் கழற்றி வழி உண்டாக்கிவிட்டு, மெழுகு தடவிப் பித்தளையை ஏற்றுங்கள். நேராக ஏற்றினால் கழுத்தோடு முறியும். பித்தளைத் தகட்டில் எஃகுத் திருகாணியை விட்டுவிடவும் கூடாது. ஈரம் பட்டால் அந்த ஜோடியில் எஃகுதான் முதலில் அரிக்கும்.

மூடியைத் திறந்தால்

இனி பூட்டு. கதவின் தடிமனுக்குள் புதைத்து வைக்கும் சட்டிப் பூட்டு. சாவி பாதியில் நிற்கிறது, கைப்பிடி கீழே தொங்குகிறது, நாக்கு வெளியே வர மறுக்கிறது. 'மாத்திடலாம்' என்ற சொல் இதற்குத்தான் அதிகம் விழுகிறது. இந்த வேலையில் மனம் மாறும் இடமும் இதுதான்.

மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பூட்டை மூடி மேலே வரும்படி படுக்க வையுங்கள். மூடியை ஒன்றிரண்டு திருகாணிதான் பிடித்திருக்கும். அதைக் கழற்றியதும் ஆவலில் மூடியைப் பிய்த்து எடுக்கக் கூடாது. விரலால் அழுத்திப் பிடித்தபடி ஒரு ஓரத்தை மட்டும் தூக்கி, உள்ளே எந்த ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது என்று எட்டிப் பாருங்கள். அதைத் திருப்புளி நுனியால் அமுக்கிக்கொண்டு மூடியை மட்டமாகத் தூக்குங்கள். தூக்கியதும் எதையும் தொடாமல் ஒரு போட்டோ. உள்ளே தெரிவது இதுதான்: கறுத்துக் கெட்டியான கிரீஸ், அதில் சாவித் துவாரம் வழியாக விழுந்த பெயின்ட் துணுக்குகள், ஒரு சிலந்திக்கூடு, ஒடிந்த ஒரு ஸ்பிரிங். மற்றபடி பித்தளை நாக்கு, லீவர்கள் (சாவி தூக்கிவிடும் தகடுகள்), கூடு எல்லாம் போட்ட நாளில் இருந்தது போலவே இருக்கும். அரை மணி நேர வேலைக்கு ஒரு முழுப் பூட்டைத் தூக்கிப்போட இருந்தோம் என்பது அப்போதுதான் உறைக்கும்.

லீவர்களை ஒவ்வொன்றாக எடுத்து, எடுத்த வரிசையிலேயே துணியில் அடுக்குங்கள். வரிசை மாறினால் சாவி வேலை செய்யாது. ஒவ்வொரு லீவரையும் சாவியின் ஒரு பல் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தூக்க வேண்டும், எல்லா லீவரின் வெட்டும் ஒரே கோட்டில் நின்றால்தான் நாக்கின் முளை அதற்குள் நுழையும். உயரம் குறைந்தாலும் திறக்காது, கூடினாலும் திறக்காது. இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் 1778-ல் காப்புரிமை பெற்றது இந்த ஏற்பாட்டுக்குத்தான். சாவி தொலைந்துவிட்டது என்பதும் பூட்டை எறியக் காரணம் ஆகாது. மூடி திறந்திருக்கும்போது வெட்டாத சாவியைப் போட்டுத் திருப்பினால், எந்த லீவர் எவ்வளவு அதிகம் உயர்கிறது என்று கண்ணாலேயே தெரியும். அந்தப் பல்லை அந்த அளவுக்கு அரத்தால் ராவ வேண்டியதுதான். மூடிய பூட்டுக்குச் சாவி செய்வது வித்தை, திறந்த பூட்டுக்குச் செய்வது பொறுமை.

சுத்தம் செய்ய மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். நன்றாகக் காய்ந்த பிறகு லீவர்களுக்கு கிராஃபைட் தூள் போடுங்கள். மறுபடி கிரீஸ் அப்பினால், இப்போது சுரண்டி எடுத்த அதே கறுப்புக் கட்டியை அடுத்த தலைமுறைக்குச் சேர்த்து வைக்கிறோம். ஒடிந்தது பட்டை ஸ்பிரிங் என்றால், அதே தடிமனுள்ள ஸ்பிரிங் எஃகுப் பட்டையை வெட்டி வளைத்துப் போடலாம். தடிமன் கூடினால் சாவியைத் திருப்ப மணிக்கட்டு வலிக்கும். சுருள் ஸ்பிரிங் என்றால், வேண்டிய விட்டத்தைவிடச் சின்னக் கம்பியில் சுற்றுங்கள். கையை விட்டதும் அது கொஞ்சம் அகன்றுகொள்ளும். நல்ல ஸ்பிரிங்கில் துரு இருந்தால் அமிலத்தில் ஊறப்போடாதீர்கள். அமிலம் துருவைத் தின்னும்போது உண்டாகும் ஹைட்ரஜன், கெட்டிப்படுத்திய எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கவைக்கும். பார்க்கப் பளபளப்பாக இருக்கும், மாட்டிய சில நாளில் ஒடியும். ஸ்பிரிங்குக்கு மெல்லிய உப்புத்தாள்தான்.

கைப்பிடி தொங்குவதற்கு ஸ்பிரிங் ஓய்ந்தது ஒரு காரணம். சதுரத் தண்டு நுழையும் துளை தேய்ந்து முனை மழுங்கியது இன்னொன்று. தண்டைச் சுற்றி மெல்லிய பித்தளைத் தகட்டை மடித்துச் செருகினால் ஆட்டம் நிற்கும்.

இவ்வளவு மெனக்கெடாமல் புதுப் பூட்டே போடலாமே என்றால், கதவின் ஓரத்திலிருந்து சாவித் துவாரத்தின் நடு வரை உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். புதுப் பூட்டின் தூரம் அதோடு பொருந்துவது அபூர்வம். பொருந்தாவிட்டால் பழைய துளையை அடைத்துப் புதுத் துளை போட வேண்டும், உள்ளே பள்ளத்தைப் பெரிதாக்க வேண்டும். சட்டிப் பூட்டுக்குக் குடைந்த இடத்தில் கதவின் சட்டம் ஏற்கெனவே மெலிந்திருக்கிறது. அதையே மேலும் குடைந்தால், பிறகு ஓங்கிச் சாத்தும் ஒரு நாளில் சட்டம் அங்கேதான் பிளக்கும்.

மெருகு ஏற்றும் வெறி

பழைய சாமானைக் கெடுப்பதில் அலட்சியத்துக்கு அடுத்த இடம் ஆர்வத்துக்கு. பெயின்டை உரிக்க வயர் பிரஷ், களிம்பை எடுக்கக் கடும் அமிலம், கடைசியில் பஃபிங் சக்கரம். அரை மணி நேரத்தில் தங்கம்போல மின்னும். கூர்மையாக இருந்த ஓரங்கள் உருண்டுவிடும், தகட்டில் செதுக்கிய கோலம் மங்கிவிடும். ஒருமுறை போன ஓரம் திரும்ப வராது.

முதலில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. அதைத் தேய்க்கத் தேய்க்க முலாம் போய் இரும்புதான் மிஞ்சும். ஒட்டாவிட்டால் பெரும்பாலும் கெட்டிப் பித்தளை. பெயின்ட் படிந்த பித்தளையைப் பழைய பாத்திரம் ஒன்றில் தண்ணீர் நிறைய ஊற்றி, ஒரு கரண்டி சமையல் சோடா போட்டு, கொதிக்கவிடாமல் சிறு தீயில் சில மணி நேரம் வையுங்கள். உலோகமும் பெயின்டும் வெவ்வேறு அளவில் விரிவதால் பெயின்ட் தோல்போல உரியும். மிச்சத்தை மூங்கில் குச்சியால் தள்ளினால் போதும். அந்தப் பாத்திரம் அதற்குப் பிறகு சமையலறைக்குத் திரும்பக் கூடாது. காரணம் ஈயம்.

பழைய பெயின்டில் ஈயம் உண்டு என்று வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். வீட்டுப் பெயின்டில் ஈயத்தை அமெரிக்கா தடுத்தது 1978-ல். இந்தியாவில் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். ஆகவே பாட்டன் காலத்து வீடு மட்டும் 'பழைய' வீடு அல்ல. உலர்ந்த பெயின்டை உப்புத்தாளால் தேய்த்தால் ஈயத் தூசி வீடு முழுக்கப் படியும், தரையில் தவழும் குழந்தையின் வாய்க்குப் போகும். நனைத்துக்கொண்டே சுரண்டுங்கள். ஹீட் கன் பயன்படுத்தினால் 600 டிகிரி செல்சியஸை நெருங்கவே கூடாது, அதற்கு மேல் ஈயம் ஆவியாகும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது.

பித்தளையில் புளிப்புள்ள எதையும் அதிக நேரம் ஊறவிடாதீர்கள். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. அமிலம் மேற்பரப்பில் இருக்கும் துத்தநாகத்தை முதலில் கரைத்துக்கொண்டு போகும், செம்பு மட்டும் மிஞ்சி இளஞ்சிவப்புத் திட்டாகத் தெரியும். லேசான திட்டு என்றால் மெருகு போட்டால் போகும். பல வருட நீரோட்டத்தில் உள்வரை துத்தநாகத்தை இழந்த பித்தளை வேறு விஷயம். அது பார்க்க முழுசாக இருக்கும், குறடு பட்டதும் பிஸ்கட்போல நொறுங்கும். அப்படிப்பட்ட குழாயோடு மல்லுக்கு நிற்க வேண்டாம்.

இரும்புக்கு மின்பகுப்பு அருமையான வழி. பிளாஸ்டிக் வாளியில் நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர், ஒரு துண்டு வேண்டாத இரும்பு. மைனஸ் முனை நம் தாழ்ப்பாளுக்கு, பிளஸ் முனை வேண்டாத இரும்புக்கு. மாற்றிக் கொடுத்தால் தாழ்ப்பாள்தான் கரையும். வேண்டாத இரும்புக்குப் பதிலாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கரண்டியைப் போடுபவர்கள் உண்டு, அதிலிருந்து நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் கிளம்பும் என்பதால் திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில் வையுங்கள். எடுத்ததும் கழுவித் துடைத்து அப்போதே சூடாக்கி உலர்த்தி எண்ணெயோ மெழுகோ தடவ வேண்டும். பத்து நிமிடம் விட்டால் ஆரஞ்சு நிறத்தில் புதுத் துரு பூக்கும். ஆளி விதை எண்ணெய் தடவிய துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது தானே சூடாகும், சுருட்டிய துணி தீக்குச்சி இல்லாமலே பற்றும். விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்குங்கள்.

சொட்டும் குழாய்

குழாய் சொட்டினால் எல்லாரும் செய்வது இன்னும் இறுக்கி மூடுவது. கடினமாகிப்போன வாஷர், உள்ளே அது உட்கார்ந்து தண்ணீரை அடைக்கும் இருக்கையில் மோதி மோதி, பித்தளையில் கோடு விழும். அதற்குப் பிறகு புது வாஷர் போட்டாலும் சொட்டும், 'குழாயே போச்சு' என்ற தீர்ப்பும் வரும். இருக்கையைச் சமன் செய்ய ஒரு கருவி இருக்கிறது, இரண்டு மூன்று சுற்று லேசாகத் திருப்பினால் கோடு மறையும். அதை வாங்கும் முன் குழாயின் தலையைத் திறக்க வேண்டும்: மெயின் வால்வை மூடி, குழாயைப் பாதி திறந்த நிலையில் வைத்துக்கொண்டு, ஒரு குறடால் உடலைப் பிடித்து இன்னொன்றால் தலையைத் திருப்புங்கள். உடலைப் பிடிக்காமல் திருப்பினால் சுவருக்குள் இருக்கும் பைப் முறுக்கிக்கொள்ளும். அப்போது உடைக்க வேண்டியது சுவரை.

கைப்பிடிக்கு அடியில் கசிந்தால் அது பேக்கிங், அதாவது தண்டைச் சுற்றி அடைத்திருக்கும் கயிறு. பழைய பேக்கிங் கயிறு ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், நனைத்து எடுத்துக் கட்டிப் போடுங்கள். டெஃப்லான் டேப்பைக் கயிறாக முறுக்கி, நட் இறுகும் திசையிலேயே தண்டில் சுற்றினால் போதும். நட்டைக் கசிவு நிற்கும் வரை மட்டும் இறுக்குங்கள்.

வேறு தேசத்திலிருந்து வந்த பழைய குழாயைப் பொருத்தும்போது ஒரு பொறி உண்டு. அரை அங்குல பிரிட்டிஷ் மரையும் அரை அங்குல அமெரிக்க மரையும் இரண்டுமே அங்குலத்துக்கு 14 சுற்று. அதனால் ஏறும், பிடித்தது போலவும் இருக்கும். ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 55 டிகிரி, மற்றதில் 60. வெளி விட்டம் ஏறக்குறைய 20.96 மி.மீ., 21.34 மி.மீ. எவ்வளவு டேப் சுற்றினாலும் ஒருநாள் கசியும். காலிப்பர் வைத்து அளந்துவிட்டு, இடையில் மாற்று இணைப்பு போடுங்கள்.

குடிநீருக்கு மட்டும் பழைய பித்தளைக் குழாய் வேண்டாம். லேத்தில் எளிதாகக் கடைய வேண்டும் என்று பித்தளையில் ஈயம் கலப்பது வழக்கம். குடிநீர்க் குழாயில் ஈயமில்லை என்று சொல்ல அமெரிக்காவில் 2014 முதல் அனுமதிக்கும் அளவு 0.25 சதவீதம், அதற்கு முன் 8 சதவீதம் வரை. அழகான பழைய குழாயைத் தோட்டத்துக்கோ கை கழுவவோ வையுங்கள்.

சன்னல் கண்ணாடியைப் பற்றி இரண்டே வரி. அலையடிக்கும் கண்ணாடியைக் 'கண்ணாடி வழிந்துவிட்டது' என்று சொல்லிக் கழற்றுகிறார்கள். கண்ணாடி வழியாது. செய்தபோதே அப்படித்தான் இருந்தது, உருகிய தகரத்தின்மேல் மிதக்கவிட்டுச் சமதளக் கண்ணாடி செய்யும் முறையைப் பில்கிங்டன் அறிவித்தது 1959-ல்தான். கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்துவைக்கும் புட்டியை வைக்கும் முன் வெறும் மரத்துக்குப் பிரைமர் அடியுங்கள், இல்லாவிட்டால் மரம் புட்டியின் எண்ணெயை உறிஞ்சி அது வெடிக்கும். மேல் தோல் கட்டிய பிறகு, பெயின்டைக் கண்ணாடிமேல் 2 மி.மீ. ஏறும்படி அடியுங்கள், தண்ணீர் உள்ளே இறங்காது.

எங்கே நிறுத்துவது

மின்சாரச் சாமானில் எனக்கு இரக்கம் கிடையாது. பீங்கான் அடியும் பித்தளை மூடியும் உள்ள உருண்டை ஸ்விட்ச் எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்த மூடிக்கு எர்த் இல்லை. உள்ளே ஒரு வயர் தளர்ந்து தொட்டால் மூடி முழுக்க மின்சாரம். விளக்கு என்றால் கூட்டை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் வயர், ஹோல்டர் இரண்டையும் மாற்றி, உலோக உடலுக்கு எர்த் கொடுக்கச் சொல்லுங்கள். இதை எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். துணி சுற்றிய பழைய வயரை வளைத்துப் பார்த்தாலே ரப்பர் தூளாக உதிர்வது தெரியும். அழகுக்காக அதை விட்டுவைப்பது மடத்தனம்.

மாட்டும் வேலை கழற்றிய வரிசைக்குத் தலைகீழ். கடைசியில் பூட்டு. கதவுக்குள் அதைச் செருகிய பிறகு முகத்தகட்டின் திருகாணிகளை முழுக்க இறுக்காமல் நாக்கைத் தள்ளிப் பாருங்கள். இறுக்கியதும் நாக்கு கனத்தால் கூடு மரத்தில் கோணலாக உட்கார்ந்திருக்கிறது, உளியால் ஒரு சீவல் எடுக்க வேண்டும். கதவைத் திறந்து வைத்தபடியே சாவியை இருபது முறை போட்டுத் திருப்புங்கள், இரண்டு பக்கத்திலிருந்தும். பிறகு முதல் முறை சாத்தும்போது ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. இருவர் கையிலும் ஆளுக்கொரு திருப்புளி.